நடப்போனும் கொடுப்போனும்

ஈகை என்பது கொடுப்போன், பெறுவோன் ஆகிய இருவருக்கிடையே நிகழ்வது என்பதே பொதுவான கருத்தாகும். ஆயின் இருபதாம் நூற்றாண்டின் பிற்கூற்றிலே மேலைநாடுகளிற் பெருவழக்குப் பெற்ற ஓர் அறச்செயல் இவ்விருவருக்குமிடையே மூன்றாமவன் ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தியது. அவன் நடப்பவன். அவன் நடக்கும் ஒவ்வொரு மைலுக்கும் இன்ன தொகை தருவோம் எனப் பிறர் முன்கூட்டியே வாக்களிக்கின்றனர். அவன் காடும் மேடும் கடந்து நடந்து முடித்ததும் அப்பணம் திரட்டப்பட்டு, ஒரு வைத்தியசாலைக்கோ அநாதை இல்லத்திற்கோ அளிக்கப்படுகின்றது. 1985 ஆம் ஆண்டிலே கிரிக்கெற் வீரர் இயன் பொத்தம், ஸ்கொத்லாந்தின் வடகோடியிலுள்ள ஜோன் ஓ குரோட்சிலிருந்து இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியிலுள்ள லாண்ட்ஸ் எண்ட் வரை நடந்து, குருதிப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டியமை இதற்கு நன்கறியப்பட்ட சான்றாகும்.

இச்செயலைப் பாராட்டாதார் இலர். எனினும் பாராட்டு முடிந்த பின்னர் ஒரு வினா எஞ்சி நிற்கின்றது. கொடுக்கப்பட்ட பணம் நடைக்கு முன்னரும் கொடுத்தோர் கையில் இருந்த பணமே. நோயாளியின் துன்பமும் நடைக்கு முன்னரே இருந்தது. நடந்தவனின் காலிலே கொப்புளம் தோன்றியமையால் அந்நோய் ஓர் அணுவளவேனும் குறைந்ததில்லை. அவ்வாறாயின் இவ்விரண்டுக்கும் இடையிலே நடை எதற்கு? ‘நீ நடந்தால் அந்தக் குழந்தைக்குத் தருவேன்’ என்று ஒருவன் கூறுவானாயின், ‘நீ நடவாவிடின் தரேன்’ என்பதும் அக்கூற்றினுள் அடங்கியிருக்கின்றதன்றோ? நோயுற்ற குழந்தையின் உரிமை, நலமுள்ள ஒருவனுடைய கால்களின் வலிமையைச் சார்ந்து நிற்பது எவ்வாறு அறமாகும்?

இவ்வினாவுக்கு எளிதாகக் கிடைக்கும் விடை, உடலை வருத்துவதே புனிதம் என்பதாகும். தமிழர்க்கு இவ்விடை அந்நியமானதன்று. தொண்டைமானாற்றுச் செல்வச் சந்நிதியிலிருந்து கிழக்குக் கரையோரமாகக் கதிர்காமம் வரை நடந்து செல்லும் அடியார் மரபு இன்றும் மறையவில்லை. புத்தளம் மாவட்டத்துக் கற்பிட்டிக் குடாநாட்டிலே, கடலோரத்தில் அமைந்துள்ள தலவில புனித அன்னம்மாள் ஆலயத்துக்கும் திருவிழாக் காலங்களில் நேர்த்திக்கடன் செலுத்த வருவோர் பல்லாயிரவர். மன்னாரிலிருந்து கொழும்பை நோக்கிப் பிழைப்புத் தேடி நடந்துவந்த வறியவன் ஒருவன், களைப்பினால் ஆலமரத்தடியிலே உறங்கியபோது கண்ட கனவிலிருந்தே அவ்வாலயம் தோன்றியது என்பது அங்கு வழங்கும் மரபுக் கதைகளுள் ஒன்றாகும்.

ஆனால் நேர்த்திக்கடன் நடையும் அறநடையும் ஒன்றல்ல. நேர்த்தி வைத்தவன் பெற்ற அருளுக்காக நடக்கின்றான். கடன் அவனுடையது, நடந்து தீர்ப்பவனும் அவனே. அறநடையிலோ நடக்க நடக்கக் கடன் வளர்கின்றது. அதனைத் தீர்க்க வேண்டியவர் வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருப்போர். எனவே பழைய யாத்திரையைக் காட்டிப் புதிய நடைக்கு நியாயம் கூறல் பொருந்தாது. மேலும், உடல் வருத்தம் தன்னளவிலே பயனுடையது என்பதைத் தமிழ்ப் பக்தி மரபே முற்றாக ஏற்றுக்கொண்டதில்லை. கயிலையை நாடிச் சென்ற திருநாவுக்கரசர் கால் தேய்ந்தும் உடல் தேய்ந்தும் தவழ்ந்த வரலாற்றைச் சேக்கிழார் பெரியபுராணத்திலே கூறுகின்றார். அவ்வளவு வருந்தியும் அவர் கயிலையை அடையவில்லை. பொய்கையொன்றில் மூழ்குமாறு பணிக்கப்பட்டுத் திருவையாற்றிலே எழுந்து, அங்கேயே கயிலைக் காட்சியைக் கண்டார். தேடிய பொருள் நடையின் முடிவிலே காத்திருக்கவில்லை என்பதே அவ்வரலாறு உணர்த்தும் பாடமெனலாம்.

நடையின் பயன் வருத்தத்தில் இல்லையெனின், வேறெதில் உள்ளது? இதற்கு வினோபா பாவேயின் நடை ஓரளவு விடை தருகின்றது. 1951 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் தெலங்கானாவின் போச்சம்பள்ளிக் கிராமத்திலே, நிலமற்ற அரிசன மக்கள் தமக்கு 80 ஏக்கர் நிலம் வேண்டுமென அவரிடம் கேட்டனர். அவர் அதனை ஊரார் முன்னிலையிலே எடுத்துரைத்தபோது, இராமச்சந்திர ரெட்டி என்னும் நிலவுடைமையாளர் 100 ஏக்கர் தர முன்வந்தார். பூதான இயக்கம் அவ்வாறு பிறந்தது. அதன்பின் வினோபா ஆண்டுக்கணக்காக ஊர் ஊராக நடந்தார். நடந்ததனால் அவர் இல்லாதாரின் குடிசையையும் உள்ளாரின் முற்றத்தையும் ஒரே நாளிலே கண்டார். முன்னையதன் தேவையைப் பின்னையதன் வாயிலுக்குச் சுமந்து சென்றார். அங்கே நடை என்பது காட்சியன்று, தூது. எனினும் அவர் அடுத்த ஊருக்குச் சென்ற பின்னர், வாக்களிக்கப்பட்ட நிலங்களுட் பெரும்பகுதி பகிர்ந்தளிக்கப்படாமலே கிடந்தது என்பதும், அளிக்கப்பட்டவற்றுட் பல பயிருக்கு உதவாத நிலங்களாயிருந்தன என்பதும் மறுக்க முடியாத உண்மைகள். நடப்பவனைக் கண்டு கொடுத்தோர், அவன் கண்ணுக்கு மறைந்ததும் மறந்தனர்.

இலங்கையிலும் இத்தகைய நடை நிகழ்ந்துள்ளது. 2011 ஆம் ஆண்டு யூலை மாதத்திலே, தென்கோடியாகிய தெய்வேந்திரமுனையிலிருந்து வடகோடியாகிய பருத்தித்துறை வரை ஏறத்தாழ 670 கிலோமீற்றர் தூரத்தை 27 நாள்களில் ஒரு குழுவினர் நடந்து கடந்தனர். தெல்லிப்பழையிலே புற்றுநோய் வைத்தியசாலை அமைப்பதற்கு நிதி திரட்டுவதே அந்நடையின் நோக்கம். 2016 ஆம் ஆண்டில் அதே நடை திசைமாறிப் பருத்தித்துறையிலே தொடங்கித் தெற்கே சென்றது. அம்முறை நிதி காலிக்கு அண்மையிலுள்ள கராப்பிட்டிய வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவுக்காகத் திரட்டப்பட்டது. போர் முடிந்து ஈராண்டே கழிந்த வேளையில், தெற்கிலே தொடங்கிய நடை வடக்கின் நோயாளிக்காக நடந்தது. ஐந்தாண்டின் பின் வடக்கிலே தொடங்கிய நடை தெற்கின் நோயாளிக்காக நடந்தது. பணத்தை வங்கி மூலம் அனுப்பியிருப்பின் வைத்தியசாலை எழுந்திருக்கக்கூடும். ஆயின் ஒரு நாட்டின் இரு முனைகளுக்கிடையே உள்ள தூரத்தைக் கால்களால் அளந்தறியும் வாய்ப்பு எவருக்கும் கிட்டியிராது. காணாத ஒருவனைக் காணச் செய்தலே நடையின் தனிப்பயன் என்பது இதனாற் புலனாகும்.

இவ்விடத்திலே புத்தளக் கரை இன்னொரு நடையை நினைவூட்டுகின்றது. அந்நடைக்கு எவரும் பணம் வாக்களிக்கவில்லை. 1990 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் வடமாகாண முஸ்லிம் மக்கள் தமிழீழ விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு அளிக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலங்களே. 70,000 பேருக்கு மேற்பட்டோர் வீடும் தொழிலும் இழந்தனர். மன்னாரிலிருந்து பலர் படகுகளிலே கற்பிட்டிக் கரையை அடைந்தனர். வேறு பலர் முதியோரையும் குழந்தைகளையும் கைப்பிடித்தவாறு வவுனியாவை நோக்கி நடந்தனர். வெளியேறியோருட் பெரும்பாலோர்க்கு ஈற்றிலே புகலிடமானது புத்தளம் மாவட்டமே. வெளியேற்றியோர் மொழியும் வெளியேற்றப்பட்டோர் மொழியும் தமிழே என்பதைத் தமிழிலே அறம் பேசுவோர் எவரும் மறத்தலாகாது.

புத்தளம், கற்பிட்டிப் பகுதி மக்கள் செல்வந்தரல்லர். மீன்பிடியும் தென்னையும் உப்பளமும் சிறு தோட்டமுமே அவர்களுட் பலரின் வாழ்வாதாரம். அவர்கள் வந்தோருக்கு வீட்டைத் திறந்தனர். பள்ளிவாசலையும் பாடசாலையையும் திறந்தனர். தென்னந்தோட்டங்களிலே கொட்டில் அமைக்க இடமளித்தனர். வந்தவர் எத்தனை மைல் நடந்தார் என்று எவரும் கேட்கவில்லை. அவர் பசித்திருந்தார் என்பதே போதியதாயிற்று. அறநடையிலே கொடுப்போன் நடப்பவனை நோக்குகின்றான். பெறுவோன் எங்கோ ஒரு வைத்தியசாலைக் கட்டிலில் இருக்கின்றான். புத்தளக் கரையிலோ நடந்தவனே பெறுவோன். இடையே மூன்றாமவன் இல்லை. ஆகவே நிபந்தனையும் இல்லை.

ஆயினும் அக்கொடையை மிகைப்படுத்திப் போற்றுதலும் உண்மைக்கு மாறாகும். சில நாள்களுக்கு எனத் திறந்த கதவு பல்லாண்டுகள் திறந்திருக்க வேண்டியதாயிற்று. நிலம், நீர், கூலிவேலை, பாடசாலை இடம் ஆகியவற்றைப் பங்கிட வேண்டியபோது ஊரவர்க்கும் வந்தவர்க்குமிடையே மனக்கசப்புகளும் தோன்றின. இது புத்தளத்தாரின் குறையன்று. நீண்டகாலத் துன்பத்தைத் தனியொரு ஊரின் தோளிலே ஏற்றிவிட்டு ஏனையோர் விலகிக்கொண்டமையின் விளைவு. முகத்துக்கு முகம் நிகழும் ஈகைக்குத் தூய்மை உண்டு. அதற்கு எல்லையும் உண்டு. அருகிலுள்ளோனின் கையிருப்புத் தீர்ந்துவிடின், தொலைவிலுள்ளோன் கொடுத்தே ஆகவேண்டும். தொலைவிலுள்ளோனுக்கோ கண் எட்டுவதில்லை.

அறநடைக்குரிய நியாயம் இங்கேதான் பிறக்கின்றது. கொழும்பிலுள்ளவனுக்குத் தெல்லிப்பழை நோயாளி தெரிவதில்லை. பருத்தித்துறையிலுள்ளவனுக்குக் கராப்பிட்டிய நோயாளி தெரிவதில்லை. எல்லோருடைய வாயிலுக்கும் எல்லோருடைய துன்பமும் படகேறி வருவதில்லை. எனவே ஒருவன் அத்துன்பத்தின் சார்பிலே நடந்துவர வேண்டியுள்ளது. அவன் ஊன்றுகோல் போன்றவன். ஊன்றுகோல் தேவைப்படுவது கொடுப்போன் உள்ளத்திலுள்ள ஊனத்தினாலேயன்றிப் பெறுவோன் தகுதிக் குறைவினால் அன்று. இதனை உணராது, நடையே கொடைக்குக் காரணம் என்று கொள்வோர், நடப்பவனின் வீரத்துக்குப் பரிசளிக்கின்றனரேயன்றி நோயாளிக்கு ஈவதில்லை. பயன் கருதாது இல்லார்க்கு அளிப்பதே ஈகை என்னும் வள்ளுவர் நெறியிலே நோக்குமிடத்து, ஒரு வீரக்காட்சியைக் கண்டு களித்தமைக்குச் செலுத்தும் கட்டணம் ஈகையாகாது.

ஆகவே ஓர் அறநடையை மதிப்பிடுவதற்கு அதன் தூரமோ திரண்ட தொகையோ முழுமையான அளவுகோலாகா. நடை முடிந்த மறுநாள், கண்டு நின்றோரின் கண் எங்கே நிற்கின்றது என்பதே அளவுகோல். அது நடந்தவனிடத்திலேயே தங்கிவிடின், அந்நடை ஒரு விளையாட்டுப் போட்டியாய் முடிந்தது. அது நடந்தவனைக் கடந்து, அவன் யாருக்காக நடந்தானோ அவனிடம் சென்று நிலைபெறின், நடந்தவன் தன் கடமையைச் செய்தவனாவான். அதன்பின் கொடுப்பதற்கு இன்னொருவன் நடக்கவேண்டும் என்று கொடுப்போன் காத்திருக்கமாட்டான்.