வழி அடைபட்டபோது திறந்த வாசல்

1939-ம் வருஷம் வியன்னாவிலிருந்து ஒரு சிறுவர் பாடகர் குழு ஆஸ்திரேலியாவுக்கு வந்தது. பாட்டு முடிஞ்சா வீட்டுக்குப் போகலாம்னு இருந்த பையன்கள். செப்டம்பரில் யுத்தம் மூண்டது. திரும்ப வழியில்லை. இப்போது அவர்கள் சத்துரு தேசத்துப் பிள்ளைகள்!

மெல்போர்ன் கத்தோலிக்கப் பேராயர் டேனியல் மானிக்ஸ் கைவிட்டாரா? இல்லை. தம் பேராலயத்தில் பாட வைத்தார். சபைக் குடும்பங்கள் தங்கள் வீடுகளில் சேர்த்துக்கொண்டன. ஒரு வாரம் அல்ல, வருஷக்கணக்காக!

தேவபிள்ளையே, கூட்டத்துக்கு வரும் பாட்டுக்குழுவுக்கு ஒருவேளை பிரியாணி போட்டு அனுப்பிவிடுகிறோம். வழி அடைபட்டவன் வாசலில் நின்றால் பாய் விரிப்போமா? எபிரெயர் 13:2-ஐ இன்றிரவு முழங்காலில் நின்று வாசியுங்கள். எழுந்ததும் கதவைத் திறந்து வையுங்கள். ஆமென்!