பெரிய ஆட்டக்காரரின் பெரிய கணக்கு

வெம்பக்கோட்டைத் தேநீர்க் கடையில் ஹாக்கிப் பேச்சு எழுவது அதிசயமல்ல; கோவில்பட்டி பக்கத்தில்தானே இருக்கிறது! ஒரு நாள் அடிபட்ட பெயர் தன்ராஜ் பிள்ளை. புனேயை அடுத்த கட்கியில் பிறந்த தமிழர். நான்கு ஒலிம்பிக்குகளில் ஆடியும் பதக்கம் இல்லை. "முக்கியமான நேரத்தில் நமத்துப்போகிற வெடி" என்றார் ஒரு பெரியவர். பட்டாசு ஊரில் வேறெந்த உவமை வரும்?

எனக்கு அந்தத் தீர்ப்பு சம்மதமில்லை. வெடி நமத்தால் மருந்தா, திரியா, மழை ஈரமா என்று விசாரிக்கிற ஊர் இது. மனிதனுக்கு மட்டும் விசாரணை வேண்டாமா?

2000-ல் சிட்னியில் போலந்தை வென்றால் அரையிறுதி. முன்னணியில் இருந்தோம், ஆட்டம் முடியும் தறுவாயில் போலந்து 1-1 ஆக்கிவிட்டது. தன்ராஜ் இன்னொரு கோல் போட்டிருக்கலாமே என்பீர்கள். பேர்பெற்றவரிடம் கூடுதலாக எதிர்பார்ப்பதில் தவறில்லை. ஆனால் எதிரணியும் அதையேதான் எதிர்பார்க்கிறது. அவர் ஒருவருக்கு இரண்டு பேரைக் காவல் போடுகிறது. அந்த இருவர் அவரைச் சுற்றி நிற்கையில் வேறு யாருக்கோ வழி திறக்கிறது. அவர் வட்டத்துக்குள் புகுந்து வாங்கித் தருகிற பெனால்டி கார்னரை மற்றொருவர் அடிக்கிறார். கணக்கில் ஏறுவது அடித்தவர் பெயர். இதையெல்லாம் ஸ்கோர் பலகை சொல்லாது, பாவம், அதற்கு இடமும் கிடையாது.

தவிர, ஒரு ஒலிம்பிக்கில் ஆடக் கிடைப்பது ஏழெட்டு ஆட்டம். நாலு வருஷ உழைப்பை அதில் நிறுக்கலாம். நெஞ்சுரத்தை நிறுக்க முடியுமா? 1998-ல் பாங்காக்கில் அவர் தலைமையில் இந்தியா 32 ஆண்டுகளுக்குப் பிறகு ஆசிய விளையாட்டுத் தங்கம் வென்றது. கொரியாவுடன் ஆடிய இறுதி ஆட்டம் பெனால்டி ஸ்ட்ரோக் வரை போயிற்று. அது மட்டும் சின்ன ஆட்டமா?