புரை நீங்கிய கண்ணில் மீண்டும் மங்கல்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை எழுந்துள்ள தொழிற்சாலைகளை நம்பி வெளியூர்களிலிருந்து குடியேறிய நம் சகோதரர்கள் ஏராளம். பலர் முதிய தாய் தந்தையரையும் உடன் வைத்திருக்கின்றனர். கண்புரை ஆபரேஷன் முடிந்து குர்ஆன் ஷரீபின் எழுத்துகள் பளிச்செனத் தெரிந்த பெரியவருக்கு ஓரிரண்டு ஆண்டுகளில் பார்வை மங்கினால், "புரை திரும்ப வளர்ந்துவிட்டது" என்கிறார்கள். புரை மறுபடி வளர்வதில்லை. மங்கிய லென்சை அகற்றும் மருத்துவர், அதன் மெல்லிய உறையை விட்டுவைத்து, அதனுள் செயற்கை லென்சைப் பொருத்துகிறார். உறையில் ஒட்டி நின்ற செல்கள் பெருகிப் பின்புறச் சவ்வை மூடிவிடுவதுதான் இந்த மங்கல்.

இச்செல்களை மரபணு கொண்டே ஒழிக்க இயலுமா என விஞ்ஞானிகள் ஆராய்ந்துள்ளனர். வீரியம் குறைத்த வைரஸை வாகனமாக்கி, செல்லைத் தானே மடியச் செய்யும் மரபணுவை உறைக்குள் அனுப்புவது ஒரு வழி. முயல்களின் கண்களிலும், இறந்தோர் தானமளித்த கண்களின் உறைகளிலும் சோதித்திருக்கிறார்கள். மனிதருக்கான சிகிச்சையாக இன்னும் வரவில்லை.

அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவதாகாதா இது என்று சிலர் கேட்கக்கூடும். ஆகாது என்பதே நமது கருத்து. மடிவன நோயாளியின் கண்ணில் எஞ்சிய செல்கள். சந்ததிக்கு எதையும் கடத்துவது இதன் நோக்கமன்று. நோயை இறக்கியவன் மருந்தையும் இறக்கியிருப்பதாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்திருக்க, தேடுவதில் குற்றமென்ன? நாம் தயங்குவது வேறிடத்தில்.

ஒரு தீங்கை அதனையொத்த தீங்கால் அகற்றலாகாது என்பது ஃபிக்ஹு விதி. பெரியவர்களின் மங்கலுக்கு யாக் லேசர் இருக்கிறது. கத்தியில்லை, சில நிமிட வேலை, அன்றே வீடு திரும்பலாம். 1976-ல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் கிளை பூந்தமல்லி நெடுஞ்சாலையிலேயே இருக்கிறது. இப்பகுதியினர் நெடுந்தூரம் அலைய வேண்டியதில்லை. லேசருக்குப் பின் அரிதாக விழித்திரை விலகுவதுண்டு, மெய்தான். ஆனால் மரபணு சுமந்த வைரஸ் உறையைத் தாண்டிக் கசிந்தால் கருவிழியின் உட்புறச் செல்களைத் தாக்கக்கூடும். மடிந்த அச்செல்களுக்கு ஈடாக மனிதக் கண்ணில் புதியவை தோன்றுவதில்லை.

குழந்தைகளின் நிலை வேறு. பிறவிப்புரை அகற்றிய சின்னஞ்சிறு கண்ணில் இச்செல்கள் விரைந்து பெருகும். லேசர் கருவியின் முன் குழந்தை அசையாமல் உட்காருமா? ஆகவே ஆபரேஷனின்போதே பின்புறச் சவ்வின் நடுப்பகுதியை மருத்துவர்கள் எடுத்துவிடுவதுண்டு. அப்படியும் சிலருக்கு மங்குகிறது. பார்க்கப் பழகும் பருவத்தை அக்கண் தவறவிட்டால், பின்னர் சரிசெய்தும் பயன் குறைவு. புதிய சிகிச்சை யாருக்கு அதிகம் தேவையோ, அவரே சம்மதம் சொல்ல இயலாதவர். தந்தைதான் கையெழுத்திட வேண்டும். பிள்ளையோ அவரிடம் அமானிதம்.

இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் கண்ணில் 'நீர் இறங்கிய'போது - புரையை அரபியர் அப்படித்தான் அழைத்தனர் - சில நாட்கள் படுத்தே தொழவேண்டும் என்ற சிகிச்சையை அவர்கள் ஏற்கவில்லை என அறிவிப்புண்டு. பின்வந்த ஷாஃபிஈ இமாம்களோ, நம்பகமான மருத்துவர் சொன்னால் அவ்வாறு தொழுது சிகிச்சை பெறலாமென அனுமதித்தனர். 'நம்பகமான' என்ற நிபந்தனையை விட்டுவிடலாகாது. முயலின் கண்ணைப் பார்த்தவர் முயலின் கண்ணுக்கே சாட்சி.

மரபணு சிகிச்சைக்கான தேசிய நெறிமுறைகளை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2019-ல் வெளியிட்டது. அவற்றிற்குட்பட்டு, முறையான அனுமதியுடன் நாளை ஒரு பரிசோதனை நடந்து, வேறு வழியற்ற குழந்தைக்காகத் தந்தை இணங்கினால் நாம் அவரைக் குறைகூற மாட்டோம். லேசரில் தெளியக்கூடிய முதியவரை அதற்கு அழைத்தால், வேண்டாமென்றே சொல்வோம்.