துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையே

பாளையங்கோட்டையிலிருந்து வைகறையில் மிதிவண்டியில் புறப்பட்டு, சேரன்மகாதேவி வரை வயல்வெளிக் காற்றை வாங்கியபடி சென்று திரும்புவது, பணிஓய்வு பெற்ற நம்மில் சிலருக்கு வாழ்வின் பெரிய இன்பங்களுள் ஒன்று. ஆனால் இப்போதெல்லாம் வண்டியை எடுக்குமுன் வேறொன்றிடம் நாம் இசைவு கேட்கத் தொடங்கியிருக்கிறோம். மார்பில் கட்டிய பட்டையோ, கைக்கடிகாரமோ, விரல் மோதிரமோ படுக்கையிலேயே ஓர் எண்ணைக் காட்டுகிறது. எண் உயர்ந்திருந்தால் புறப்படலாம், தாழ்ந்திருந்தால் ஓய்வு. நம் நாளை முடிவுசெய்யும் உரிமையை அந்த எண்ணுக்கு எவ்வளவு தூரம் கொடுக்கலாம் என்பதே நம் கேள்வி.

இதயத் துடிப்பு மாறுபாடு என்பது அதன் பெயர். நிமிடத்துக்கு 60 துடிப்பு என்றால் நொடிக்கு ஒன்று என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் ஓர் இடைவெளி 940 மில்லி நொடியாகவும், அடுத்தது 1,050 ஆகவும், அதற்கடுத்தது 980 ஆகவும் இருக்கக்கூடும். மூச்சை உள்ளிழுக்கையில் துடிப்பு சற்று விரைகிறது, வெளிவிடுகையில் தணிகிறது. ஜெர்மானிய உடலியலாளர் கார்ல் லுட்விக் 1847இலேயே இதைக் கருவியால் பதிவு செய்தார். இதயத்தை விரைவுபடுத்துபவை பரிவு நரம்புகள். அமைதிப்படுத்துவது வேகஸ் நரம்பு. (விரட்டுவதற்குப் ‘பரிவு’ என்று பெயர் அமைந்தது மொழியின் விந்தைகளுள் ஒன்று.) வேகஸ் நரம்பின் பிடி நன்றாக இருக்கும்போது இடைவெளிகள் நெகிழ்ந்து மாறுகின்றன. தூக்கமின்மை, காய்ச்சல், மது, மிகை உழைப்பு ஆகியவை அந்த நெகிழ்ச்சியைக் குறைக்கின்றன. முதுமையும் குறைக்கிறது.

கடிகாரம் போல் ஒரே சீராக அடிக்கும் இதயமே நல்ல இதயம் என்ற நம் எண்ணம் இங்கே தலைகீழாகிறது. தாயின் கருவறையில் இடருறும் குழந்தையின் இதய வேகம் மாறுமுன்பே துடிப்பு இடைவெளிகளின் மாறுபாடு மாற்றம் காண்பதை ஹோன், லீ என்னும் இருவர் 1963இல் எடுத்துக்காட்டினர். மாரடைப்புக்குப்பின் மாறுபாடு குன்றியவர்களிடையே இறப்பு மிகுதி என்று 1978இல் ஓர் ஆஸ்திரேலிய மருத்துவ இதழ் எழுதியது. சித்த மருத்துவரும் நாடியின் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதில்லை. அன்னம்போல், ஆமைபோல், தவளைபோல் என்று அதன் நடையைப் பார்க்கிறார். 1964 முதல் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருப்பதால் இது நம் பகுதிக்குப் புதிய செய்தி அன்று. அதற்காக, எல்லாவற்றையும் சித்தர்கள் முன்பே கண்டுவிட்டனர் என்று மார்தட்ட நமக்கு விருப்பமில்லை. இரண்டும் வெவ்வேறு அறிவு. ஒன்றை மட்டும் குறிப்பிடலாம்: நாடி பார்க்கையில் நம் மணிக்கட்டின்மேல் இன்னொரு மனிதரின் மூன்று விரல்கள் இருந்தன.

எண்ணால் நன்மை இல்லாமல் இல்லை. வயதை மறந்து இளைஞரோடு போட்டியிடும் முதியவரை அது தடுத்து நிறுத்துகிறது. வீட்டார் சொல்லிக் கேளாதவர் கருவி சொன்னால் கேட்கிறார்! எனினும் அது தவறாகவும் பேசும். இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றி நடுங்கும் நோய் முதுமையில் பெருகுகிறது. பல்லாண்டுகள் கடும் பயிற்சி செய்த ஆண்களிடமும் அது மிகுதி. அந்நோயில் துடிப்புகள் தாறுமாறாவதால் மாறுபாட்டின் எண் உயர்ந்துவிடும். நோயே நலமெனக் காட்சி தரும். மருத்துவர் கையில் ஒரு மின்னிதயப் பதிவு இருந்தால் விளங்கக்கூடியது, படுக்கையில் தனியே எண்ணைப் பார்த்து மகிழ்பவருக்கு விளங்காது. பிறருடைய எண்ணோடு ஒப்பிடுவதோ முற்றிலும் வீண். அவரவர் நேற்றைய எண்ணே அவரவர்க்கு அளவுகோல்.

இனி, சாலையில் நம்மைக் கடந்து செல்பவரைப் பார்ப்போம். கேரியரின் இருபுறமும் வாழைத்தார் கட்டி, நம்மினும் மூத்த ஒருவர் சந்தைக்கு மிதித்துச் செல்கிறார். இரவெல்லாம் அவர் உறங்கவில்லை எனலாம். அவர் இதயத்தை அளந்தால் எண் தாழ்ந்தே இருக்கும். ‘இன்று ஓய்வெடு’ என்று கருவி அவரிடம் சொன்னால் அவர் சிரிப்பார். ஓய்வு என்னும் அறிவுரை ஓய்வெடுக்க இயன்றவருக்கே அறிவுரை. மற்றவருக்கு அது ஏளனம். ஒரே ஆற்றங்கரைச் சாலையில், ஒரே வகை வண்டியில், உடலைப் பேணுவது நமக்குக் கடமையாகவும் அவருக்கு எட்டாத ஆடம்பரமாகவும் இருப்பதைக் கண்டபின் நம் எண்ணைப் பற்றி உரத்துப் பேச நாக் கூசுகிறது.

அந்த எண் நம் உடலின் ஆயத்தத்தைக் கூறுகிறது. எதற்கான ஆயத்தம் என்பதைக் கூறுவதில்லை. மருத்துவமனையில் தனித்துக் கிடக்கும் நண்பரைக் காணச் செல்ல வேண்டிய காலையில் எண் தாழ்ந்திருந்தால் என் செய்வது? நெஞ்சுவலியோ காய்ச்சலோ இருந்தால் வேறு; வெறும் எண் தாழ்வுக்காகப் படுத்துக்கொள்வது பேணுதல் ஆகாது என்றே நமக்குத் தோன்றுகிறது. மெல்ல மிதித்துப் போகலாம்; பேருந்திலும் போகலாம்.

2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் லூசியானோ பெர்னார்டியும் உடன் ஆய்வாளர்களும் ஒரு செய்தி வெளியிட்டனர். இலத்தீனில் செபமாலை சொல்கையிலும் யோக மந்திரம் சொல்கையிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறு என்ற அளவுக்குத் தணிந்து, இதயத்தின் அசைவு அந்த மூச்சோடு இசைந்து பெருகியதை 23 பேரிடம் கண்டனர். (தமிழில் நாம் மூச்சுவிடாமல் ஓட்டும் வேகத்துக்கு இது பொருந்துமோ என்னவோ!) இதைப் படித்தபின், மறுநாள் எண் உயர வேண்டுமென்று இரவில் செபமாலையைக் கையில் எடுப்பவர் உண்டு. அவர் சொல்வது செபமா, மூச்சுப்பயிற்சியா? அந்த 23 பேரும் அளக்கப்படுவதற்காகவே சொன்னார்கள். அது ஆய்வின் தேவை. நம் ஊர்களில் விளக்கேற்றியபின் திண்ணையில் அமர்ந்து சொன்ன பாட்டியர் கொழும்புக்குப் போன மகனுக்காகவும், பேறுகாலத்துக்கு வந்திருந்த மகளுக்காகவும், கார் நெல்லுக்கு வாய்க்காலில் தண்ணீர் வர வேண்டுமென்றும் சொன்னார்கள்.