காலநிலை மாற்றம்: பழியும் கடனும்

ஒரு துன்பம் நேர்ந்தவிடத்து அதனை ஆராய்வோர் இரண்டு வினாக்களை எழுப்புதல் வேண்டும். அஃது எதனால் வந்தது என்பது ஒன்று. யாரால் வந்தது என்பது மற்றொன்று. முன்னைய வினாவிற்கு மாத்திரம் விடை கண்டு அமைவோமாயின், காத்துக்கொள்ளும் வழி புலப்படும்; நீதி புலப்படாது. இக்காலத்து உலகெங்கும் வாதிக்கப்படும் காலநிலை மாற்றம் என்னும் பொருள் இவ்விரண்டாம் வினாவிலேயே பெரிதும் குழம்பிக் கிடக்கின்றது. அக்குழப்பத்தை இயன்றமட்டில் நீக்குதலே இவ்வியாசத்தின் நோக்கமாம்.

இவ்வினா ஊவா மலைநாட்டிலுள்ளார்க்கு ஏட்டளவில் நிற்பதன்று. 2025ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் டித்வா என்னும் சூறாவளி இலங்கையைத் தாக்கியபொழுது 600க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். கண்டி, நுவரெலியா மாவட்டங்களோடு பதுளை மாவட்டமும் மண்சரிவினாற் பேரிழப்பெய்தியது. மலைநாட்டு இருப்புப்பாதை பலவிடங்களிற் சிதைந்தது. மழை கனக்கும் இரவுகளில், தெமோதரை முதலிய தோட்டப்புறங்களிலே சரிவையொட்டிய லயங்களில் வாழ்வார்க்கு உறக்கம் எங்ஙனம் வரும்? இத்துன்பம் யாரால் வந்தது என்று ஒரு பிள்ளை வகுப்பிலே கேட்குமாயின் உபாத்தியாயர் யாது கூறுவர்? வழக்கிலே மூன்று விடைகள் உலவுகின்றன. அவற்றை முறையே ஆராய்வாம்.

ஒருவராலும் வந்ததன்று, வானம் என்றும் மாறுவதே என்பது முதல் விடை. வானம் மாறும் இயல்பினது என்பது மெய்யே. ஆயினும் மாறுதல் இயல்பென்பதுகொண்டு ஒவ்வொரு மாற்றமும் தானே வந்ததென்பது பெறப்படாது. சாவு எல்லார்க்கும் இயல்பென்பதுகொண்டு கொலையென ஒன்று இல்லையென்பார் உளரோ? பாடநூல்களிற் காபனீரொட்சைட்டு எனப்படும் கரியமிலவாயு வெப்பத்தைப் பற்றிவைக்கும் தன்மையதென்பதை 1859ஆம் ஆண்டிலே தின்டால் என்பவர் பரிசோதித்துக் கண்டார். அவ்வாயு மிகுமாயின் பூமி எவ்வளவு வெப்பமுறும் என்பதை 1896இல் சுவீடன் தேசத்து அரீனியசு கணக்கிட்டார். கைத்தொழிற் புரட்சிக்கு முன்னர் வளிமண்டலத்தின் பத்து இலட்சம் பங்கில் ஏறத்தாழ 280 பங்காயிருந்த அது, 1958இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் தொடர்ந்து அளக்கத் தொடங்கியபொழுது ஏறத்தாழ 315 பங்காயிருந்தது. 2024இல் 420 பங்கைக் கடந்து நின்றது. காற்று ஒரு பாகை செல்சியசு வெப்பமுறின் நூற்றுக்கு ஏறத்தாழ 7 பங்கு மிகுதியாக நீராவியைத் தாங்கவல்லது. தாங்கியதனைப் பொழியுங்கால் மழை முன்னையினுங் கனத்துப் பொழியும். பூமியை வெப்பமாக்கியது மனிதர் செயலே என்பதில் ஐயமில்லையென 2021இல் ஐக்கிய நாடுகள் சபையைச் சார்ந்த அறிஞர் குழு அறுதியிட்டது. சூறாவளி பண்டும் வந்ததுண்டு. கனமழைக்கு மேலும் கனங்கூட்டுவது மனிதர் செயல் என்பதே ஈண்டு யாம் கூறுவது. ஆகவே முதல் விடை நில்லாது.

மடிந்தவர்கள் முன்செய்த வினை என்பது இரண்டாம் விடை. இது நம்மவர் வாயிலே எளிதில் வருவதாகலின் இதனை நுணுகி நோக்குதல் நமக்குக் கடனாம். ஒருவர் அனுபவிக்கும் துன்பம் பிராரத்துவம் என்று சாத்திரம் கூறுவது, அவர் தம் உள்ளத்தைத் தேற்றிக்கொள்ளுதற் பொருட்டேயன்றி, பிறர் அவரைக் கைவிடுதற் பொருட்டன்று. துன்புற்றவனுக்கு அது பிராரத்துவமேயாயினும், துன்பம் இழைத்தவனுக்கு அது புதிதாய் ஏறும் ஆகாமியமாகும். இதனை மறந்து, இழைத்தவன் ஊழின் கருவியே என்று விட்டுவிடின், உலகிற் கள்வனுக்கும் கொலைஞனுக்கும் தண்டனை என்பதே இல்லாதொழியும். தெமோதரையிலே புகைவண்டி வளைந்து சுழன்று, தான் நின்ற நிலையத்தின் கீழாகவே சுரங்கத்தின் வழியே செல்லுதலை நம் மாணாக்கர் அறிவர். செய்தது செய்தவனிடத்தே மீளும் என்பதற்கு அஃது உவமையாகலாம். ஆனால் நிலக்கரிப் புகையின் போக்கு நம் கண்ணெதிரே அவ்வாறு அமையவில்லை. மான்செஸ்டரிலும் பிட்ஸ்பர்க்கிலும் எழுந்த புகையின் பயனைப் பதுளையிலே கொழுந்தெடுப்பவள் அனுபவிக்கின்றாள். செய்தவன் ஒருவன், துய்ப்பவன் மற்றொருவன் என்னும் இக்கோணலைத் தன்னாலியன்றமட்டில் நிமிர்த்துதற்கே மனித நீதி ஏற்பட்டது. ஊழைக் காட்டி அந்நீதியை நிறுத்திவைத்தல் சைவத்தின் கருத்தாகாது.

மனிதர் எல்லாரும் சேர்ந்து செய்தனர் என்பது மூன்றாம் விடை. இது பணிவுடையார் கூற்றுப் போலத் தோன்றுமாயினும் மூன்றனுள்ளும் இதுவே மிக்க மயக்கந் தருவது. எல்லார் மேலுஞ் சுமத்திய பழி ஒருவர் மேலுஞ் சாராது. தோட்டத்து மடுவத்திலே நடப்பதை நினைமின். ஒவ்வொருத்தியின் கொழுந்தும் தனித்தனியே நிறுக்கப்படும். நிறை குறைந்தவளுக்கு அரைப்பேர் போடுவதும் உண்டு. எல்லாரும் சேர்ந்து பறித்தோம், எல்லார்க்கும் ஒரே கூலி தருக என்றால் அதனைக் கேட்பார் யாவர்? ஒரு கிலோக் கொழுந்திற்குத் தராசு பிடிக்கும் உலகம், கோடிக்கணக்கான தொன் புகைக்கு மாத்திரம் தராசு இல்லை என்பது எங்ஙனம் பொருந்தும்? தராசு உண்டு. நிலக்கரி முதலியவற்றை எரித்தலால் உலகம் இதுகாறும் வெளிவிட்ட கரியமிலவாயுவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு ஐக்கிய அமெரிக்காவினது. இன்று ஆண்டுதோறும் மிகுதியாக வெளிவிடுவது சீனம். அமெரிக்கர் ஒருவர் பங்கிற்கு ஆண்டொன்றில் ஏறத்தாழ 14 தொன் ஆக, இலங்கையர் ஒருவர் பங்கிற்கு ஏறத்தாழ 1 தொன்னே ஆகின்றது. மின்விளக்கும் விறகடுப்பும் மாத்திரமுடைய லயத்துக் குடும்பத்தின் பங்கு அதனினும் எத்துணைச் சிறிதென்பதை யாம் சொல்ல வேண்டுவதில்லை.

அற்றேல், முன்னோர் அறியாது செய்தனர், அதற்கு இன்றுள்ளார் எவ்வாறு பொறுப்பாவர் எனின், கூறுதும். இதுகாறும் வெளிவந்ததிற் பாதிக்கு மேற்பட்டது 1990ஆம் ஆண்டின் பின்னரே வெளிவந்தது. ரியோ நகரிலே நாடுகள் கூடிப் பொதுவாயினும் வேறுபட்ட பொறுப்பு என ஒப்பிய ஆண்டு 1992. ஆகவே அறியாமை என்னும் போர்வை பாதிக்கு மேல் மறைக்காது. எஞ்சியதற்கும் விடை உண்டு. தந்தையின் செல்வத்தை ஏற்ற மகன் தந்தையின் கடனையும் ஏற்றல் வேண்டுமென்பது உலகெங்கும் ஒத்த வழக்கு. அப்புகையாற் பெற்ற பாலமும் ஆலையும் பல்கலைக்கழகமும் எமக்குரியன, புகை மாத்திரம் எமக்குரியதன்று என்பது வழக்காகாது.

இங்ஙனம் துணிந்தபின், செல்வ நாடுகள் வறிய நாடுகளுக்கு அளிக்கும் பொருள் தருமமா கடனா என்பது விளங்கும். 2015இல் பாரிசு உடன்படிக்கை இழப்பையும் சேதத்தையும் பற்றிப் பேசிற்று. அதனோடு இயற்றிய தீர்மானமோ, அதுகொண்டு பொறுப்பேற்கவும் நட்டஈடு கோரவும் இடமில்லை எனக் கதவடைத்தது. 2022இல் எகிப்திலே கூடிய மாநாடு இழப்புக்கென ஒரு நிதியை அமைத்தது. 2023இல் துபாய் மாநாட்டில் அதற்கு வாக்களிக்கப்பட்ட பொருள் ஏறத்தாழ 70 கோடி டொலர். 2025 ஜனவரியில் ஐக்கிய அமெரிக்கா பாரிசு உடன்படிக்கையினின்றும் மீண்டும் விலகுவதாக அறிவித்தது. தருமம் செய்வோன் தான் விரும்பியபொழுது நிறுத்தலாம். கடன்பட்டோன் அவ்வாறு நிறுத்துதல் கூடாது. சொல்லொன்று மாறியதனால் நீதி முழுவதும் மாறுதலைக் காண்க.

இச்சொல்லைத் திருத்துதற்கு முயன்றவர் யாவரெனின், மாணாக்கரே. 2019இல் பசிபிக் தீவுகளின் பல்கலைக்கழகமொன்றிலே சட்டம் பயின்ற மாணாக்கர் சிலர், நாடுகளின் கடமை யாதெனச் சர்வதேச நீதிமன்றத்தைக் கேட்க வேண்டுமெனக் கிளர்ந்தனர். வனுவாட்டு என்னும் சிறு தீவுநாடு அதனை ஏற்று முன்னின்று நடாத்திற்று. 2023 மார்ச்சு மாதம் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை அவ்வினாவை நீதிமன்றத்திற்கு விடுத்தது. 2025 ஜூலை 23ஆம் நாள் நீதிமன்றம், காலநிலையைக் காத்தல் நாடுகளின் சட்டக் கடமையென்றும், அதனை மீறுதல் தவறாகுமென்றும், தக்க காரணத் தொடர்பு காட்டப்படின் ஈடு செய்யுங் கடப்பாடும் எழலாமென்றும் ஒருமனதாக உரைத்தது. அது கட்டுப்படுத்துந் தீர்ப்பன்று, கருத்துரையே. ஆயினும் தருமம் என்ற இடத்திற் கடன் என்ற சொல் ஏறியது சிறிதன்று.

இனி, தூரத்திலுள்ளான் குற்றத்தைப் பேசி அண்மையிலுள்ளான் குற்றத்தை மறத்தலும் பிழையாம். வானத்து மழை ஒரு காரணம். மலையின் நிலை மற்றொரு காரணம். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தின் பின்னர் மலைநாட்டுக் காடுகள் பெருந்தோட்டத்தார் கைக்குச் சென்றன. கோப்பிக்கும் பின்னர்த் தேயிலைக்குமாக அவை அழிக்கப்பட்டன. அழித்த சரிவுகளிலே, தென்னிந்தியாவினின்றும் கொணரப்பட்டோர்க்கு லயங்கள் அமைந்தன. 2014 அக்டோபர் 29ஆம் நாட் காலையிற் பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. அவ்விடம் ஆபத்தானதென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, பெயர்ந்து செல்லும் நிலம் இல்லை. லயமும் அது நிற்கும் நிலமும் தமக்குரியனவல்லாதவர் எங்கே பெயர்வர்? வீடமைப்புத் திட்டங்களின்கீழ்ச் சிலர் 7 பேர்ச் காணியும் தனிவீடும் பெற்றுள்ளனர். இன்னும் பெருந்தொகையினர் லயங்களிலேயே உள்ளனர். காலநிலை மாற்றம் என்னும் பெரும்பெயரை இவ்வண்மைக் கடமைக்கு மறைப்பாக இடுதல் தகாது. மழை கனக்கும் என்று அறிந்தபின் பாதுகாப்பான காணியளியாமை முன்னையினும் பெருங் குற்றமேயாம்.

எம் பங்கும் சிறிது உண்டு. வறண்ட மாதங்களில் மானாப்புல் மலைக்குத் தீயிடுதலும், நீரோடைக் கரையை வெட்டிக் காய்கறி நடுதலும், வடிகாலிற் குப்பை கொட்டுதலும் எம்மவர் செயல்களே. அவற்றையும் அதே தராசில் இடுக. சிறியது சிறியதென்றே காட்டும். ஆயினும் காட்டாமல் விடாது.

ஆதலின், சைவ வித்தியாசாலை உபாத்தியாயர்களே, இப்பாடத்தை அச்சமூட்டுங் கதையாகவும் கற்பியாதீர்கள். எல்லாரும் பாவிகள் என்னும் புலம்பலாகவும் கற்பியாதீர்கள். நிறுக்கக் கற்பியுங்கள். எவன் எவ்வளவு செய்தான், எவன் அறிந்து செய்தான், எவன் தடுக்கக்கூடியதைத் தடாது விட்டான் என்னும் மூன்று கேள்விகளை மாணாக்கர் நாவிற் பதியுங்கள். உங்கள் வித்தியாசாலைக்கு மேலுள்ள சரிவில் வெடிப்பு உண்டோ, மரங்கள் சாய்ந்தனவோ, புதிதாய்ச் சேற்றுநீர் ஊறுகின்றதோ என அவர்களைக் கொண்டே பார்த்துக் குறிப்பித்து, கிராம உத்தியோகத்தரிடமும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தாரிடமும் எழுத்திலே கொடுத்து, கொடுத்த நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். அறிவித்த பின்னர் அறியோம் என்பார்க்கு இடமில்லை. தோட்டத்துப் பிள்ளை நிவாரணப் பொதியை வாங்கும்பொழுது தலைகுனிந்து நிற்க வேண்டுவதில்லை. தனக்கு உரியதிற் சிறிதளவே தன் கைக்கு வந்தது என்பதை அது அறியுமாறு செய்தல் நுங்கள் கடனாம்.