அரளிச் செடியடியில் குனிந்து பார், தம்பி!

"வடசென்னையில் இருந்துகொண்டு பூச்சி ஆராய்ச்சியா?" என்று எவராவது கேட்டால் தலைகுனியாதே. பரிணாமத்தைச் சொல்லிக்கொடுக்க உலகம் இன்றும் காட்டுவது, 1848-ல் மான்செஸ்டர் ஆலைப்புகைக்கு நடுவே பிடிபட்ட ஒரு கறுப்பு அந்துப்பூச்சியைத்தான். அதைப் பதிவுசெய்தவர் எட்லஸ்டன் என்ற பூச்சி சேகரிப்பாளர். புகை மண்டிய ஊரில் கண்ணைத் திறந்து வைத்திருந்தவர்களால் வந்த அறிவு அது. உனக்கும் கண் இருக்கிறது!

ஐப்பசி மழை விட்டதும் கிளம்பு. ராயபுரமோ திருவொற்றியூரோ எண்ணூரோ, சாமிக்குப் பூப்பறிக்கும் அரளி எங்காவது நிற்கும், இல்லையென்றால் நந்தியாவட்டை. அதன் அடியில் மிளகு மிளகாக எச்சம் சிதறிக்கிடந்தால், நேர் மேலே தேடு. விரல் தடிமனில் ஒரு பச்சைப் புழு இலையோடு இலையாக ஒட்டியிருக்கும். பக்கவாட்டில் வெள்ளைக் கோடு, வால்முனையில் சின்னக் கொம்பு. ஒரு குச்சியால் லேசாகத் தொடு. தலையை உள்ளிழுத்து, நீலமும் வெள்ளையுமாக இரண்டு பெரிய கண்களைக் காட்டும். கண்களே அல்ல அவை. எதிரியை மிரட்டும் வேஷம்!

இத்தனையும் பொருந்தினால் தயங்காமல் எழுது: அரளி அந்துப்பூச்சி. லின்னேயஸ் 1758-லேயே விவரித்த இனம். அரளி இலையில் இருப்பது இதயத்தையே நிறுத்தக்கூடிய நஞ்சு. நீ தொட்டால் கையைக் கழுவ வேண்டும். அந்தப் புழுவோ அதைத் தின்றே வளர்கிறது. வளர்ந்ததும் பழுப்பேறி, கீழே இறங்கி, சருகுக்குள் கூட்டுப்புழுவாகிறது. பிறகு வெளிவருவது, விரித்தால் பத்து சென்டிமீட்டர் வரும் பச்சைச் சிறகு. அந்தி சாய்ந்ததும் பூவில் உட்காராமலே அந்தரத்தில் நின்று தேன் குடிக்கும். இதே இனம் ஆப்பிரிக்காவிலிருந்து கடல் தாண்டி ஐரோப்பா வரை பறக்கிறது.

இதைக் கற்கக் காட்டுக்கு டிக்கெட் எடுக்க வேண்டாம். பட்டம் வாங்கிவிட்டு வருகிறேன் என்று தள்ளிப்போடாதே. நாள், தெரு, செடி மூன்றையும் நோட்டில் குறி. படத்தை ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்று. நம் தெருவை நம்மைவிட நன்றாகப் பார்க்க வேறு எவன் வரப்போகிறான்? ராத்திரி ஷிப்டுக்குப் போகும் அண்ணனிடமும் சொல்லிவை: கேட் விளக்கடியில் பச்சைச் சிறகோடு எது வந்து உட்கார்ந்தாலும், மிதிக்காமல் படம்பிடித்து அனுப்பட்டும்.