தாயும் மருத்துவனும்: வித்துவக்கோட்டுப் பதிகத்தின் முன்னே ஒரு நாள்



குலசேகராழ்வார் அருளிச்செய்த பெருமாள் திருமொழியில் ஐந்தாம் திருமொழி, மலைநாட்டு வித்துவக்கோட்டு எம்பெருமானிடம் செய்யும் விண்ணப்பம். இன்றைய பாலக்காடு மாவட்டத்தில், பட்டாம்பிக்கு அருகே, பாரதப்புழைக் கரையில் அத்திருப்பதி உள்ளது. ஆழ்வார் அங்கே அடுக்கும் உவமைகளைப் பாகவதர்கள் அனைவரும் அறிவர். பெற்றவள் சினந்து விலக்கினாலும் அவளுடைய இரக்கத்தையே எண்ணி அழும் குழந்தை, காப்பாற்றாத அரசனையே நம்பியிருக்கும் குடிகள், அறுத்துச் சூடிட்ட மருத்துவனிடம் அன்பு மாறாத நோயாளி, நடுக்கடலில் கரை தேடிப் பறந்து மறுபடியும் கப்பலின் கொம்புக்கே வந்து சேரும் பறவை என்று அவை தொடர்ந்து செல்கின்றன.

அடியோம் இங்கே வ்யாக்யானம் சொல்ல வரவில்லை. பெரியவாச்சான் பிள்ளையின் ஸ்ரீஸூக்திகளை ஆசார்ய முகமாகக் கேட்டறிவதே முறை. வணிகவியல் படித்து, வாழ்நாளின் பெரும்பகுதியை வங்கிப் பேரேடுகளோடு கழித்த அடியோங்களுக்கு அந்த அதிகாரம் கிடையாது. ஆயினும் முதல் பாசுரத்தின் தாயையும் நான்காம் பாசுரத்தின் மருத்துவனையும் ஒரே நாளில், ஒரே கட்டிலின் அருகே நின்று காண நேர்ந்தது. அதை மட்டும் விண்ணப்பிக்கிறோம்.

குமாரன் சிங்கப்பூரில் பணி செய்கிறான். விடுமுறைக்கு மனைவியோடும் மூன்று வயதுக் குழந்தையோடும் வந்திருந்தான். நடுநாட்டுத் திருப்பதிகள் இரண்டையும் ஸேவிப்பது என்று தீர்மானமாயிற்று. முதல் நாள் திருக்கோவலூர், மறுநாள் திருவஹீந்திரபுரம். அங்கே ஔஷதகிரியில் எழுந்தருளியிருக்கும் ஹயக்ரீவன் ஸந்நிதியில் பேரனை நிறுத்தி, எழுத்தறிவித்தலுக்கு முன் ஒருமுறை ஸேவை பண்ணி வைக்க வேண்டுமென்பது அவன் பாட்டியின் ஆசை. பயண விவரத்தை அடியோமே எழுதினோம். எந்த ஊர், எத்தனை மணி, எங்கே சிற்றுண்டி என்று வங்கி ஆய்வுக்குப் போகிறவன் போலக் காகிதத்தில் கட்டம் போட்டு வைத்திருந்தோம்.

சென்னையிலிருந்து விடியற்காலை புறப்பட்டுத் திண்டிவனத்தில் சிற்றுண்டிக்காக நின்றோம். அவ்வூரில் 1989 முதல் மூன்றாண்டுகள் பணியாற்றியதுண்டு. புளியங்காடு என்ற பொருளில் அமைந்த பெயர் என்பார்கள். ஆனால் அடியோங்கள் அறிந்த திண்டிவனம் வேர்க்கடலையின் ஊர். அங்குள்ள எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவான கடலை ரகங்களுக்கு ஊரின் பெயரையே சுருக்கி டி.எம்.வி. என்று எண்ணிட்டு வழங்குவார்கள். அப்போது இது பிரிக்கப்படாத தென்னார்க்காடு; விழுப்புரம் தனி மாவட்டமானது 1993இல். கடலைக்கு எத்தனை பயிர்க்கடன் கொடுத்தோம், எத்தனை பேர் தவணை தவறாமல் கட்டினார்கள் என்று இலையின் முன் உட்கார்ந்து குமாரனிடம் பெருமை பேசிக்கொண்டிருந்தோம். மருமகள் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "மாமா, உடம்பு கணகணன்னு இருக்கு. நேத்து ராத்திரியே மூக்கு ஒழுகித்து. இங்கே ஒரு டாக்டர்கிட்ட காமிச்சுடலாமா?" என்றாள்.

கடிகாரத்தைப் பார்த்தோம். உச்சிப்பொழுதில் நடை சார்த்துவதற்குள் திருக்கோவலூர் சேர வேண்டும். "ஸேவிச்சுட்டுப் பார்த்துக்கலாம்மா, வெயிலிலே வந்த சூடுதான்" என்றோம். அவள் மறுத்துப் பேசவில்லை.

விக்கிரவாண்டியைக் கடந்த சிறிது நேரத்தில் குழந்தை விறைத்தான். கண்கள் மேலே செருகின. கைகால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. உதடு நீலம் பாய்ந்தது. அடியோங்களுக்கு அந்த நேரத்தில் தோன்றியது ஒன்றே. இரும்பைக் கையில் கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்று ஊரில் பார்த்த வழக்கம். வீட்டுச் சாவிக்கொத்தை எடுத்து அந்தச் சிறு கையில் திணித்தோம். பற்கள் கிட்டிக்கொள்ளும் என்று பயந்து, தீர்த்தச் செம்போடு இருந்த கரண்டியை வாயில் நுழைக்கவும் போனோம். மருமகள் எங்கள் கையைத் தட்டிவிட்டாள். வந்த நாளாக எங்களிடம் ஒரு சொல் உரக்கப் பேசாத பெண். குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் வழிந்ததைத் துணியால் துடைத்து, தன் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு நிமிஷம் என்று பிறகு சொன்னாள். அதற்குள் ஓட்டுநர் முண்டியம்பாக்கத்திற்கு வண்டியை விரட்டிவிட்டார். நெடுஞ்சாலையை ஒட்டியே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 2010இல் கல்லூரி தொடங்கியபோது, விழுப்புரம் ஊரை விட்டு இவ்வளவு தள்ளி எதற்குக் கட்டினார்கள் என்று குறை சொன்னவர்களுள் அடியோமும் ஒருவர்.

கட்டிலில் கிடத்தியதும் மறுபடி ஒருமுறை வந்தது. பிராணவாயு, மூக்கில் தெளித்த மருந்து, இரத்தச் சர்க்கரைச் சோதனை என்று அங்கே நடந்தவை அனைத்தும் அடியோங்கள் ஓரமாகத் தள்ளப்பட்ட பிறகு நடந்தன. இழுப்பு அடங்கிக் குழந்தை தூங்கினான். மருத்துவர் இளம்பெண்; எங்கள் பேத்தி வயது இருக்காது, சற்றுக் கூட இருக்கலாம். நிதானமாகச் சொன்னார். இது காய்ச்சல் வலிப்பு. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்கு வரும். பெரும்பாலும் மூளைக்கு ஒரு தீங்கும் செய்யாமல் போய்விடும். ஆனால் மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளுக்குத் திரும்ப வரலாம். ஒரே நாளில் இரண்டு முறை வந்ததால் இரவு இங்கேயே வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "சாவி கொடுத்தது யாரு, தாத்தாவா? இரும்புக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லைங்க ஐயா. அது தானா நிக்கிற நேரத்துல சாவி கையில இருக்கும், அவ்வளவுதான். வாயில மட்டும் எதையும் வைக்காதீங்க. ஒருக்களிச்சுப் படுக்க வையுங்க, நேரத்தைப் பாருங்க, அஞ்சு நிமிஷம் தாண்டினா தாமதிக்காம தூக்கிட்டு வாங்க" என்றார். பேரன் பேத்திகள் உள்ள பாகவதர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுமென்றே விரிவாக எழுதுகிறோம்.

திண்டிவனத்திலேயே காய்ச்சல் மருந்து கொடுத்திருந்தால் வந்திருக்காதோ என்று கேட்டோம். அம்மருந்து உடம்பின் வேதனையைக் குறைக்கும். வலிப்பைத் தடுக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். எங்களை ஆறுதல்படுத்த அது போதவில்லை. மருந்தின் இயல்பு தெரிந்தா அன்று காலை வேண்டாமென்றோம்? கடிகாரத்தைப் பார்த்தல்லவோ வேண்டாமென்றோம்?

மாலையில் குழந்தை விழித்தான். இரத்தம் எடுக்க வேண்டும். செவிலியர் சொன்னபடி மருமகளே அவன் தோளையும் முழங்கையையும் அசையாமல் அழுத்திப் பிடித்தாள். ஊசி ஏறியதும் வீறிட்டான். ‘அம்மா’ என்றுதான் அழுதான். அழுத்திப் பிடித்திருப்பவள் அவள். விடமாட்டேனென்று இருப்பவள் அவள். அவளிடமே அவளைப் பற்றி முறையிட்டு, விடுபட்ட மற்றொரு கையை அவள் கழுத்துக்கே நீட்டினான். பாட்டி பக்கத்திலேயே கைநீட்டி நின்றாள். அவளிடம் போகவில்லை.

வித்துவக்கோட்டுப் பதிகத்தில் ஆழ்வார் எம்பெருமானை முதற்பாசுரத்தில் ‘அம்மானே’ என்றும், அடுத்து வரும் பாசுரங்களில் ‘அம்மா’ என்றும் விளிக்கிறார். அம்மான் என்பதன் விளி அது; ஸ்வாமி என்பது பொருள். தாய் என்று கொள்வது இலக்கணமாகாது. எத்தனையோ கோஷ்டிகளில் இதைத் திருத்திச் சொன்ன அடியோங்களுக்கு, அன்று அந்தக் கட்டிலருகே அவ்விரு சொற்களையும் பிரித்துக் கேட்கத் தெரியவில்லை. துயரத்தைக் கொடுத்தவனே நீ, நீயே அதை நீக்காவிட்டாலும் உன்னைத் தவிர எனக்குப் போக்கில்லை என்பது ஆழ்வார் பாசுரத்தைத் தொடங்கும் முறை. துன்பம் வேறெங்கோ இருந்து வந்தது, அதைத் தடுக்க உன்னிடம் வந்தேன் என்று அவர் சொல்லவில்லை.

நான்காம் பாசுரத்து நோயாளியின் நிலை வேறு. அவன் விவரமறிந்தவன். கத்தி எதற்கென்று தெரியும்; மருத்துவனை அவனே தேடி வந்தவன். அவனுடைய அன்பில் அறிவு கலந்திருக்கிறது. குழந்தைக்கு அது கிடையாது. ஊசி எதற்கு என்று அவனுக்கு யாரும் விளக்க முடியாது. ஆழ்வார் அறிவுள்ளவனை நான்காவதாகவும், ஒன்றுமறியாத குழந்தையை முதலிலும் வைத்தார். முதலில் உறவு; விளக்கம் பிறகு வரலாம், வராமலும் போகலாம். இதுவரை இவ்வுவமைகளைப் படித்தபோதெல்லாம் அடியோங்களை நோயாளியின் இடத்திலேயே வைத்துப் பார்த்து வந்தோம். எல்லாம் தெரிந்தும் பொறுத்துக்கொள்ளும் பக்தன் என்று ஒரு நினைப்பு! உண்மையில் அன்று அடியோங்கள் நின்ற இடம் பாசுரத்தில் எங்குமே இல்லை. கையில் சாவிக்கொத்தோடு நிற்கிறவனைப் பற்றி ஆழ்வார் பாடவில்லை. செவிலியர் அதைத் திருப்பித் தந்தபோது வாங்க வெட்கமாயிருந்தது. ஆகிஞ்சன்யம் என்னும் சொல்லுக்குக் கையில் ஒன்றுமில்லாமை என்று பலருக்கும் பொருள் சொல்லியிருக்கிறோம். (மருத்துவமனைக்குப் போகாமல் பெருமாள் பார்த்துக்கொள்வார் என்று இருப்பது ஆகிஞ்சன்யம் ஆகாது. இப்படிப் பேசும் சிலர் நம்மிடையே உண்டாகையால் சொல்லி வைக்கிறோம்.)

இத்தோடு நிறுத்தியிருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டோம்.

அழுகை ஓய்ந்து குழந்தை பால் கேட்டான். அவன் பாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பெருமாள் காப்பாத்திட்டார்" என்று வாய்விட்டுச் சொன்னாள். அடுத்த கட்டிலில் ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன். மூளைக் காய்ச்சல் என்றார்கள். பல நாட்களாக நினைவில்லை. இந்த வயல்நாட்டில் கொசுவால் பரவும் அந்நோய் முன்பு எத்தனை பிள்ளைகளை வாரிக்கொண்டு போயிற்று என்பதைத் திண்டிவனத்தில் பணியாற்றிய காலத்தில் அறிந்திருக்கிறோம். இப்பையனுக்கு வந்தது அதுவா, வேறா என்று கேட்கவில்லை. அவன் காலடியில் உட்கார்ந்திருந்த தாய் எங்கள் பக்கம் திரும்பி, "எந்தக் கோயிலும்மா?" என்று கேட்டாள். "சொல்லுங்க, எம் புள்ளைக்கும் வேண்டிக்கிறேன்."

நாங்கள் எந்தக் கோயிலையும் அடையவே இல்லை. எம் இல்லாள் வாயடைத்து நின்றாள். திருக்கோவலூர் என்று அடியோம்தான் சொன்னோம். பையனின் பெயரையும் அவளிடம் கேட்டுக்கொண்டோம்.

அன்றிரவு மருத்துவமனைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து நான்காம் பாசுரத்தை மனத்துக்குள் பலமுறை சொல்லிப் பார்த்தோம். அதன் முதற்பாதியில் மருத்துவன் அறுக்கிறான். அறுப்பது குணமாக்க என்பதை உலகம் அறியும். அந்த நினைப்பிலேயே பாசுரம் முழுவதையும் படித்துவிடுகிறோம். பிற்பாதியில் ஆழ்வார் என்ன சொல்கிறார்? திரும்புதல் இல்லாத துயரையே நீ தந்தாலும் உன் அருளையே பார்த்திருப்பேன் என்கிறார். நோய் தீர்ந்தது என்று பாசுரத்தில் எங்கும் இல்லை. தீரும் என்றும் இல்லை. எங்கள் பேரன் பால் குடித்ததை அருளுக்குச் சான்றாக வைத்தால், மூன்று அடி தள்ளி அசையாமல் கிடக்கும் பிள்ளை எதற்குச் சான்று? அப்படிக் கணக்கு வைத்தால் ஆழ்வாரே அந்தக் கணக்கில் வரமாட்டார்.

மறுநாள் உறவினர் பலர் தொலைபேசியில் விசாரித்தனர். ஒருவர், யாத்திரையில் ஏதோ அபசாரம் நேர்ந்திருக்க வேண்டும் என்றார். இன்னொருவர், தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்றார். இருவரும் அன்பினால்தான் சொன்னார்கள். வங்கியில் நாளிறுதியில் வரவும் செலவும் நேராகாவிட்டால் நேராகும் வரை வீட்டுக்குப் போகமாட்டோம். எதிலும் சேராத தொகை மிஞ்சினால் சஸ்பென்ஸ் கணக்கு என்று ஒன்றில் எழுதி வைத்துவிட்டு எழுந்திருப்போம். காரணம் பிறகு தெரியும்போது சரிசெய்துகொள்ளலாம். அந்த அடக்கம்கூட நமக்கு எம்பெருமான் விஷயத்தில் இருப்பதில்லை. உடனே ஒரு காரணத்தை எழுதி நேர் செய்துவிடப் பார்க்கிறோம். பிள்ளை கிடக்கும் தாயிடம் போய் அபசாரம் என்று சொல்லத் துணிகிறவர் யார்?

குழந்தையோடு திண்டிவனம் வழியே சென்னை திரும்பினோம். சிற்றுண்டிக்கு நிறுத்தவில்லை. மருமகளிடம், நேற்றுக் காலை நீ சொன்னபோதே கேட்டிருக்க வேண்டும் என்றோம். "விடுங்கோ மாமா" என்றாள். அவர்கள் விடுமுறை முடிந்து சென்ற பின், ஏறத்தாழ இரண்டு மாதம் கழித்து, அடியோம் மட்டும் பேருந்தில் விழுப்புரம் போய் அங்கிருந்து திருக்கோவலூர் சென்றோம். காகிதத்தில் நேரம் எதுவும் எழுதிக்கொள்ளவில்லை.

முதலாழ்வார்கள் மூவரும் மழையிருளில் நெருக்குண்டு நின்ற இடைகழி அத்திருப்பதியில்தான். வலத்திருக்கையில் சங்கும் இடத்திருக்கையில் சக்கரமுமாக, தூக்கிய திருவடியோடு உலகளந்த பெருமான் நெடிது நிற்கிறான். பேரனுக்காக நன்றி சொல்லவே போயிருந்தோம். சொல்லவும் சொன்னோம். அதன் பிறகு அந்தப் பையனின் பெயரை விண்ணப்பித்தோம். இன்னது செய்தருள வேண்டுமென்று அதற்குமேல் ஒரு வாக்கியம் அமைக்க வரவில்லை. அர்ச்சகர் ஸ்ரீசடகோபம் ஸாதித்துத் தீர்த்தம் தந்தார்.

திரும்பும் வழியில் முண்டியம்பாக்கத்தில் இறங்கினோம். அந்தக் கட்டிலில் வேறொரு குழந்தை இருந்தது. பணியில் இருந்த செவிலியர் புதியவர். அவருக்கு அந்தப் பையனைத் தெரியவில்லை. பதிவேட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டுமானால், நீங்கள் உறவா என்று கேட்டார். என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் சற்று நின்றுவிட்டு, சாலைக்கு வந்து திண்டிவனம் பேருந்தில் ஏறினோம்.